அந்தோணி கவிழ்த்த அண்டா

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பட்டப்பகலில் என் கண் முன்னால் நடந்தது.

என் வீட்டுக்காரர் அந்தோணி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். கல்யாணமான மறுவருடமே அவர் காதில் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. சோற்றில் விஷம், தண்ணீரில் விஷம் என்று ஓயாமல் சொல்லுமாம். அது சம்மனசின் குரல், தேவதூதர்தான் பேசுகிறார் என்றே அவர் நம்பினார். மாதா கோவிலில் செபம் நடத்துகிற உபதேசியாரும், "வானத்துலருந்து வர்ற வார்த்தை, மீறினா பாவம்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் மட்டும், "அது நோய்மா, அவர பட்டினி கிடக்க விட்டுடாதீங்க" என்றார். ஒவ்வொரு கவளத்தையும் நான் முதலில் தின்று காட்டினால்தான் வாயைத் திறப்பார். எலும்பும் தோலுமாகிவிட்டார்.

அரிசியே கண்ணில் படாத நேரம். மாதா திருநாளன்று செபம் முடிந்ததும், ரயில் பாதையோரம் யாரோ விட்டுப்போன கொல்லையில் தோண்டிய மரவள்ளிக்கிழங்கை அண்டா நிறைய அவித்து, லயத்து வரிசைவீட்டுச் சனம் மொத்தமும் பிள்ளைகுட்டிகளோடு கோவில் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். அந்தோணி எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்திருந்தார். பிறகு எழுந்தார், நேரே போனார், ஆவி பறக்கிற அண்டாவை வெறுங்கையால் கவிழ்த்துவிட்டார்.

"அலமாக்! பைத்தியத்தக் கட்டி வைங்கடா!" என்று ஆம்பிளைகள் பாய்ந்தார்கள். உபதேசியார் அவர் சட்டையைப் பிடித்து, "அந்தக் குரல் விஷம்னு சொல்லுச்சா?" என்று உலுக்கினார்.

"இல்லங்க" என்றார் அந்தோணி. கை வெந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. "இன்னைக்கு மொத தடவையா, 'நல்லாருக்கு, சாப்பிடு, பிள்ளைங்களுக்கும் குடு'ன்னு கெஞ்சுது. இத்தன நாள் என்னைப் பட்டினி போட்டது எப்படிங்க சம்மனசா இருக்கும்? முடியாதுன்னுட்டேன்."

அதற்குள், சிந்தியதைக் கொத்திய கோழிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஓடிவந்த டிரசர் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துத் துப்பினார். இது கசப்பு மரவள்ளி, விஷக்கிழங்கு, சரியாக வேகவும் இல்லை, பிள்ளைகள் தாங்கியிருக்காது என்றார்.

ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்தோணியின் மடியில் வைத்தாள். கட்டிவைக்கச் சொன்னவர்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவிலைச் சுற்றினார்கள். மேலே இருந்தபடி என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார்!

குரல் போய்விடவில்லை. ஆனால் அதற்கு அவர் பயப்படுவது அன்றோடு போயிற்று. விஷம் என்று அது கத்தும்போது, "சரி லா, நீ கத்திக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் கேட்பார். சாகும்வரை ஜெபமாலையையும் விடவில்லை, சாப்பாட்டையும் விடவில்லை.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து பல வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் அதை மனச்சிதைவு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குரலும் அடங்கியது. கிழங்கின் வாடையை அவர் மனசே கண்டுபிடித்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம், நானும் மறுக்கவில்லை.

ஆனால் டாக்டரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அண்டா கவிழ்ந்த அந்த நொடி, யாரும் வாய் திறப்பதற்கு முன்னால், என் காதோரம் யாரோ எரிச்சலோடு "ச்சே" என்றார்கள். திரும்பினேன். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.