பதில் வராதவை

எங்கள் மலைக்கான உடல்நல உதவி இணையதளத்தில் கேள்விகளைப் பிரித்துக் காட்டும் பொத்தான்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். நான்கு நாள் யோசித்து, அடித்து எழுதி, ‘பதில் வந்தவை’, ‘பதில் வராதவை’ என்று வைத்தேன். இதைவிடத் தெளிவாக யாரால் வைக்க முடியும்?

பதினைந்து மாதமாகியும் என் மகள் நடக்கவில்லை. பெயர் போடாமல் அதையும் கேட்டு வைத்தேன். மருத்துவர் வாரந்தோறும் ‘பதில் வராதவை’யை மட்டும் திறந்து பதில் எழுதுவார். இரண்டு வாரமாக எனக்கு ஒன்றும் வரவில்லை. சொல்ல முடியாத நோயோ என்று பயந்துபோனேன்.

தேடினால் என் கேள்வி ‘பதில் வந்தவை’யில் கிடந்தது. அதன்கீழ் காரவள்ளி சுகாதார மையத்து அக்கா, “பார்க்கலாமுங்க” என்று எழுதியிருந்தார். எல்லாக் கேள்விகளுக்கும் அதையேதான் எழுதியிருந்தார். யார் எதை எழுதினாலும் தளம் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளும். உடனே போன் செய்தேன்.

“ஏனுங்கக்கா, பதில் தெரியாம எதுக்குங்க எழுதுனீங்க?”

“ஒருத்தர் கேக்கறப்ப வாயே தொறக்காம இருந்தா மரியாதையா கண்ணு? படிச்ச புள்ள நீயே இப்படிக் கேக்கற!”

பொத்தானின் பெயரை ‘மருத்துவர் இன்னும் பார்க்காதவை’ என்று மாற்றி, கேள்விகளையும் அதன்படியே பிரிய வைத்தேன். அந்த வாரமே பதில் வந்தது: “எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாளா? நின்றால் பயம் வேண்டாம். பதினெட்டு மாதம் வரை பொறுங்கள்.”

திரும்பிப் பார்த்தேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சேலையைப் பிடிப்பது கணக்கில் வருமா என்று இன்னொரு கேள்வி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.