ஸ்டெல்லா வீட்டு போன்

அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் நம்பரைத்தான் பி.பி. நம்பராக எல்லாரிடமும் கொடுத்திருந்தோம். சந்தில் பீங்கான் சில்லு கொட்டிய தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்த சமயத்தில், மகள் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைக்கான இன்டர்வியூவுக்காகத் தனியாகச் சென்னை போனாள். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னவளிடமிருந்து மாலைவரை தகவல் இல்லை. ஸ்டெல்லாவிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பயத்தில் வாசலிலேயே நின்றேன்.

“சண்டைய நாளைக்கு வச்சுக்கலாம்க்கா, பாப்பா லைன்ல இருக்குது, ஓடியாங்க!” என்று ஸ்டெல்லாவே கத்தினாள்.

ஓடிப்போய் போனை வாங்கினேன்.

“இப்பதாம்மா வெளிய விட்டாங்க. வேலை கிடைச்சிடுச்சு! நெட்வொர்க்குல தகவல் போற வழியைக் கண்டுபிடிக்குற ஓ.எஸ்.பி.எஃப். ரூட்டிங்குல விர்ச்சுவல் லிங்க் எதுக்குன்னு கேட்டாங்க. நெட்வொர்க்கை ஏரியா ஏரியாவா பிரிச்சா, எல்லா ஏரியாவும் பேக்போன்ங்குற மைய ஏரியாவைத் தொட்டாகணும். தொட முடியாத ஏரியாவை, நடுவுல இருக்குற ஏரியா வழியா சேர்த்துவிடுறதுக்குத்தான், எங்க வூட்டுக்கு ஸ்டெல்லா சித்தி வூட்டு போன் மாதிரின்னேன். சிரிச்சிட்டாங்க.”

அதை நான் சொன்னதும் ஸ்டெல்லாவும் சிரித்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.

இப்போது ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. ஆனாலும் மகள் கூப்பிடத் தாமதமானால், ஸ்டெல்லா வீட்டில் போய்த்தான் உட்காருகிறேன்.