அரசு கொடுத்த வக்கீல்

சட்டம் படித்து முடித்து வெகுநாளாகியும் எனக்கென்று ஒரு வழக்கு வரவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. வில்லியனூர் கடைத்தெருவில் அப்பாவுக்கு மளிகைக்கடை. காலையில் கடைக்கு எதிரிலேயே டவுன் பஸ் ஏறிப் புதுச்சேரி போவேன். அங்கே ஒரு சீனியர் ஆபீசில் எனக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வாய்தா வாங்குவதும் நகலுக்கு மனு எழுதுவதும்தான் என் வேலை. உள்ளே வரும் கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்து, "டைப்பிஸ்டம்மா, ஐயா இருக்காரா?" என்பார்கள். முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

என்னோடு படித்தவர்களில் ஒருத்தன் பேங்குக்குப் போனான். இன்னொருத்தன் தன் மாமாவின் ஆபீசில் உட்கார்ந்து நிலத் தகராறு பார்த்தான். ஒருத்திக்குக் கல்யாணமாகி, வக்கீல் அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டதாக எழுதியிருந்தாள். எனக்குப் பேங்கும் கிடைக்கவில்லை, மாமாவும் இல்லை. அரசாங்க ஆபீஸ் பரீட்சைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி அப்பா அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கோர்ட்டு அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்தேன். வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றவாளிக் கூண்டுக்காரர்களுக்காக அரசு செலவில் வாதாட விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒட்டியிருந்தது. சீனியரிடம் கேட்டேன். "அது ஒரு வேலையா? வேற வழியில்லாதவங்க செய்யறது" என்றார். எனக்கும் வேறு வழியில்லை. பெயர் கொடுத்தேன்.

சில மாதம் எதுவும் வரவில்லை. பிறகு ஒருநாள் செஷன்ஸ் கோர்ட்டில் வேறு ஏதோ மனுவுக்காக உட்கார்ந்திருந்தேன். கூண்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கரும்பு வெட்டும் கையின் உள்ளங்கை எப்படித் தழும்பேறியிருக்குமோ, அப்படியிருந்தது அவள் கூண்டைப் பிடித்திருந்த கை.

"வக்கீல் வெச்சிருக்கியாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் பெண் வார்டரைத் திரும்பிப் பார்த்தாள். வார்டர், "இல்லன்னு சொல்லு" என்று முணுமுணுத்தாள்.

"இல்லீங்க."

நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். அவள்மேல் இருந்தது கொலைக் குற்றம். பிறந்த குழந்தையைக் கிணற்றில் போட்டுக் கொன்றாள் என்பது போலீஸ் தரப்பு.

சிறையில் அவளைப் போய்ப் பார்த்தேன். மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கிராமம். புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போயிருந்தான். ஒரே பெண் குழந்தை. அப்போது அது அவள் அண்ணன் வீட்டில் இருந்தது. கரும்பு வெட்டப் போய்ப் பிழைத்தவள். தாலி இல்லாதவள் வயிற்றில் வளர்ந்ததைச் சேலையைத் தளரக் கட்டியே மறைத்திருக்கிறாள். பட்டப்பகலில், மற்றவர்கள் கஞ்சி குடிக்கக் கரையேறிய நேரத்தில், கரும்புக்குள்ளேயே தனியாகப் பெற்றிருக்கிறாள். மூன்றாம் நாள் கிணற்றில் உடல் மிதந்தது. ஊர் அவளைக் காட்டியது. போலீஸ் வந்தது.

இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. முதல் இரண்டு தடவை வாயே திறக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது வார்டர் எட்டத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நான், "குழந்தை அழுதுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"அழவே இல்லமா" என்றாள். "முதுவுல தட்டிப் பாத்தேன். கால புடிச்சித் தலகீழாத் தொங்கவுட்டுப் பாத்தேன். வாய்க்குள்ள வெரல வுட்டுத் தொடச்சிப் பாத்தேன். அழல. கொஞ்ச நேரம் மடியிலயே வெச்சிக்கினு இருந்தேன். அப்பறம் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க."

"யாரு கூப்பிட்டாங்க?"

"வேலைக்கு. கட்டு கட்டணும்னு."

அவள் தன் முந்தானையைக் கிழித்துக் குழந்தையை அதில் சுற்றிக் கிணற்றில் விட்டாள். பிறகு போய்க் கட்டுக் கட்டினாள். சாயங்காலம்வரை கட்டினாள். சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. அதையும் ஒருநாள் கேட்டேன். "அப்பன் யாரு?"

"அத்த மட்டும் கேக்காதீங்கமா."

"அவன் பேரைச் சொன்னா கோர்ட்டுக்கு உன் நெலம புரியும்."

"எம்பொண்ணு அந்த ஊர்லதான் கீறா" என்றாள். "நான் பேர சொன்னா, அவள இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

எனக்கு உண்மையில் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் கொஞ்சம் தெரிந்தது. அந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் அப்பாவின் கடையில்தான் கல்யாணம், கருமாதிக்கெல்லாம் மொத்தமாகச் சாமான் எடுப்பார். ஒருநாள் கடைக்கு வந்தவர் எதுவும் வாங்கவில்லை. நின்றபடியே அப்பாவிடம், "உம் பொண்ணுதான் அவளுக்கு வக்கீலாமே? நல்லாப் படிக்க வெச்சப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த ஊர்க்காரர்கள் யாரும் எங்கள் கடைப் படியேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அப்பா கேட்டார்: "ஏம்மா, ஒனக்கு வேற கேசே கெடைக்கலியா?"

"கெடைக்கலப்பா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பெத்த புள்ளையக் கொன்னவளுக்குப் போய் நிக்கிறியே. நாளைக்கு ஒனக்கு ஒரு எடம் பாக்க வாணாமா?"

"அவ கொல்லலப்பா."

"அவ சொன்னாளாக்கும்."

"ஆமா. அவதான சொல்லணும்? வேற யாரு அங்க இருந்தா?"

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். பாகூர்ப் பக்கம் எனக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளை இடம் அந்த மாதத்தோடு நின்றுபோனது.

வழக்கில் எதிர்ப்பக்கத்தின் பலம் முழுதும் டாக்டரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்தது. குழந்தையின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது மிதந்திருக்கிறது. ஆகவே குழந்தை மூச்சு விட்டிருக்கிறது, உயிரோடு பிறந்திருக்கிறது, அவள்தான் கொன்றாள். இதுதான் அவர்கள் கணக்கு. சீனியரிடம் காட்டியபோது, "இதுல இன்னா இருக்கு? ஒத்துக்கச் சொல்லி, தண்டனையக் கொறைக்கச் சொல்லிக் கேளு" என்றார். நான் கோர்ட்டு நூலகத்தில் அட்டை கழன்ற ஒரு மருத்துவச் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பல மதியங்கள் உட்கார்ந்தேன். பச்சைக் குழந்தைகளின் உடல்களைப் பற்றி அப்படிப் படிப்பதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டும். எனக்கு அப்போது இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

சாட்சிக் கூண்டில் டாக்டர் ஏறிய நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாக் கேளுங்கம்மா" என்றார் நீதிபதி.

"உடல் உங்ககிட்ட வந்தப்ப எந்த நெலமையில இருந்தது டாக்டர்?"

"அழுகத் தொடங்கியிருந்தது."

"அழுகும்போது உடம்புக்குள்ள வாயு உண்டாகுமா?"

"உண்டாகும்."

"நுரையீரல்லயும்?"

"உண்டாகும்."

"அப்படி வாயு உண்டான நுரையீரல், ஒரு தடவகூட மூச்சு விடாத குழந்தையோடதா இருந்தாலும், தண்ணியில மிதக்கலாமா?"

டாக்டர் வயதானவர், நேர்மையானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிதக்கலாம்" என்றார். "இந்தக் கேஸ்ல அப்படி இல்லன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

நான் உட்கார்ந்தேன். திரும்பி அவளைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்த மாதிரியே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வந்தபோது கொலைக் குற்றத்திலிருந்து அவளை விடுவித்தார்கள். குழந்தை பிறந்ததை மறைத்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை. அந்தத் தண்டனைக் காலத்துக்கு மேலேயே, இரண்டு வருஷத்துக்கும் அதிகமாக, அவள் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டிருந்தாள். வராந்தாவில் இரண்டு வக்கீல்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். என்னை டைப்பிஸ்டு என்று நினைத்திருந்த ஒரு கட்சிக்காரர் கும்பிட்டார். எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை இருந்தது; இல்லை என்று சொல்லமாட்டேன். அது மறுநாள் காலைவரைதான் இருந்தது.

மறுநாள் சிறை வாசலில் அவளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிடித்துவந்த நாளில் கட்டியிருந்த அதே சேலையோடு அவள் வெளியே வந்தாள். முந்தானை கிழிந்திருந்தது. "வூட்டுக்குப் போறேன்மா. எம்பொண்ணப் பாக்கணும்" என்றாள். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. நானும் பஸ் ஏறினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தோம். வழியில் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அண்ணன் கூரை வீட்டு வாசலிலேயே மறித்து நின்றான். அடிக்க வரவில்லை, திட்டவும் இல்லை. அவன் முகத்தில் இருந்தது பயம்.

"இன்னாத்துக்கு இங்க இட்டாந்தீங்க?" என்று என்னைக் கேட்டான்.

"கோர்ட்டே விட்டுடுச்சிங்க. அவ கொலை பண்ணல."

"கோர்ட்டு வுட்டுடுச்சி. ஊரு வுடலியேமா. இவள உள்ள வுட்டா எனக்கு நாளைக்கு வேல இல்ல. எனக்கும் புள்ளைங்க கீதுங்க."

அவன் பின்னால் அவன் பெண்சாதி நின்றிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. இவள் குனிந்து, "கண்ணு, வாடி" என்று கையை நீட்டினாள். குழந்தை இன்னும் பின்னால் போய், "யாரு அத்த அது?" என்று கேட்டது.

நீட்டிய கையை அவள் மெதுவாக எடுத்துக்கொண்டாள். அண்ணன் வேறு பக்கம் பார்த்தான். "போலாம்மா" என்று என்னிடம் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, "நல்லா வளந்துட்டா இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அரியூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லத்தில் அவளைச் சேர்த்தேன். துணி துவைக்கும் வேலை கொடுத்தார்கள். குழந்தையோடு வருகிறவர்களை அவர்கள் சேர்ப்பதில்லை. மகளைக் கேட்டு மனு போடலாமா என்று நான் கேட்டபோது அவள் வேண்டாமென்றாள். "இட்டுக்கினு வந்து எங்க வெச்சிக்கறது? அங்க கஞ்சியாவது கெடைக்குது." முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தேன். எப்போது போனாலும் மகளைப் பற்றித்தான் பேச்சு. இப்போது பள்ளிக்கூடம் சேர்த்திருப்பார்களா, தலையில் பேன் பார்ப்பார்களா.

இதற்குள் எனக்கு வேறு வழக்குகளும் வந்தன. எல்லாம் அரசு செலவு வழக்குகள்தான். அதில் ஒன்றுக்காக மறுவருஷம் அந்த ஊர்ப் பக்கம் போகவேண்டியிருந்தது. அவள் அண்ணன் பெண்சாதியைக் களத்துமேட்டில் பார்த்தேன். குழந்தையைப் பற்றி விசாரித்தேன். மெட்ராசில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். பெரிய வீட்டுக்காரர்தான் ஏற்பாடு செய்தாராம். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது.

அதைப் போய்ச் சொல்லவேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. துவைகல் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். அவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மெட்ராஸ்ல எந்தப் பக்கமாம்?"

"தெரியலம்மா."

"அண்ணி சொல்லலியா?"

"அவங்களுக்கே தெரியலயாம்."

"அவளுக்கு இன்னும் தல வாரிக்கக்கூடத் தெரியாதேமா" என்றாள். பிறகு துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். நான் வெகுநேரம் நின்றேன். இங்கே குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை.

அடுத்த தடவை போனபோது அவள் அங்கே இல்லை. மகளைத் தேடி மெட்ராஸ் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று சிஸ்டர் சொன்னார். தடுத்தும் கேட்கவில்லையாம். மெட்ராசில் எனக்குத் தெரிந்த வக்கீல்களிடம் சொல்லிவைத்தேன். நானும் வேலையாகப் போனபோதெல்லாம் பஸ் நிலையத்திலும் கட்டடம் கட்டுகிற இடங்களிலும் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போவேன். அவ்வளவு பெரிய ஊரில் அது தேடுவது ஆகாது. அவளும் திரும்பி வரவில்லை, அந்தக் குழந்தையைப் பற்றியும் எதுவும் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் நான் கோர்ட்டிலிருந்து வந்து கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு அம்மாளுக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்: "அந்தக் கரும்பு வெட்டற பொண்ணு, அது இன்னா ஆச்சி?"

அவர் அவளைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் பொட்டலத்தைக் கட்டி அந்த அம்மாளிடம் கொடுத்தார்.