பன்வில ஜன்னலில் பதினைந்து நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து கனவு கண்டேன்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்கிறீர்களா? பள்ளிக்கூடம் போன எல்லோரும் செய்ததுதானே. சரி... ஆனால் நான் அங்கே படிக்கப் போகவில்லை. புள்ளி போடப் போயிருந்தேன். கையில் படிவம், பென்சில், மூக்கில் கண்ணாடி, முகத்தில் இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு கடுமை – எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். ஆசிரியராகப் போகிறவர்களுக்கு நான் விரிவுரையாளர். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் அவர்கள் ஏதாவதொரு பாடசாலையில் சில மாதங்கள் கற்பித்துப் பழக வேண்டும். எங்களைப் போன்றவர்கள் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்து நாற்பது நிமிடப் பாடத்தைப் பார்த்துப் புள்ளி போடுவோம். மேற்பார்வை என்று அதற்குப் பெயர்.

அன்று நான் பார்க்கப் போனது நிரஞ்சனாவை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பெண். குரல் மெல்லியது. அவளுக்கு இது இரண்டாவது மேற்பார்வை. முதல் தடவை வந்த வேறொரு விரிவுரையாளர், ‘வகுப்புக் கட்டுப்பாடு போதாது’ என்று எழுதி, சித்தியடையத் தேவையான புள்ளிக்குச் சற்றுக் கீழே அவளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். இந்தத் தடவையும் அப்படியே ஆனால் பயிற்சி முழுவதையும் அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டும். அவளுடைய நியமனமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

கண்டியிலிருந்து வத்தேகமை வழியாகப் பன்வில போகிற பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எனக்கு ஜன்னலோரம் ஆகாது. உட்கார்ந்தவுடன் பாதி கரைந்துபோவேன். வளைவுக்கு வளைவு வெளியே பனிமூட்டம்... ஒரு வீட்டுக் கொடியில் யாரோ காயப்போட்ட பள்ளிச் சட்டை மட்டும் வெள்ளைக்குள் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வகுப்பு தரம் ஏழு. நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளின் சட்டையில் வட்ட வட்டமாகக் காகித அடையாளங்கள். நீலம், மஞ்சள், பச்சை. நீலம் – பார்த்துக் கற்பவர்கள். மஞ்சள் – கேட்டுக் கற்பவர்கள். பச்சை – செய்து கற்பவர்கள். என் விரிவுரை. என் ஸ்லைடின் அதே நிறங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மேற்பார்வைக்கு யார் வருகிறாரோ, அவருக்குப் பிடித்த விரிவுரையை அன்றைய வகுப்பில் அரங்கேற்றுவது எங்கள் மாணவர்களிடையே பழைய வழக்கம். குழுச் செயற்பாடு பிடித்தவர் வந்தால் நாலு மேசை சேரும். கடதாசிப் பொம்மை பிடித்தவர் வந்தால் கரும்பலகையில் பொம்மை தொங்கும். நான் வந்தால் கற்றல் பாணி. பத்து வருடமாக அந்த விரிவுரையைச் செய்துவருகிறேன். பிள்ளைகளை இப்படி மூன்று பெட்டிகளில் அடைக்க முடியாது என்று துறையிலேயே இப்போது பலர் சொல்கிறார்கள். நானும் படித்தேன், தலையாட்டினேன். ஆனால் ஸ்லைட் அழகாக இருந்ததே... விட மனம் வரவில்லை.

என் வாங்கில், எனக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு சிறுமி. பெயர் திவ்யா. அவள் சட்டையில் மட்டும் எந்த நிறமும் இல்லை. பாடம் தொடங்குவதற்கு முன் நிரஞ்சனாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அவளுக்கு ஒன்னும் குத்தலயே, ஏன்?”

“நெறம் பிரிக்கக் குடுத்த கேள்விக்கொத்துல அவ எதுலயும் விழல மேடம். படம் பாத்தா நல்லா வெளங்குமான்னு கேட்டா, ‘சில நேரம்’. சொல்லக் கேட்டா வெளங்குமா – ‘சில நேரம்’. இருவது கேள்விக்கும் அதையேதான் போட்டிருக்கா.”

இருபது கேள்விக்கும் ஒரே பதில். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் நீர்வட்டம். நிரஞ்சனா கரும்பலகையில் ஒரு குளம், ஒரு சூரியன், ஒரு மேகம் வரைந்தாள். பாடக்குறிப்பு துப்புரவாக இருந்தது. நீலக் குழு படம் வரையும், மஞ்சள் குழு விளக்கத்தைக் கேட்டுச் சொல்லும், பச்சைக் குழு சுடுதண்ணீர்க் கோப்பையை மூடிப் பார்க்கும். நான் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். தோற்றம் – நன்று. நேரத்துக்குத் தொடங்கியது – நன்று. குரல்... இன்னும் கொஞ்சம் உயரலாம்.

திவ்யா கரும்பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஒரு மாணவி கவனமின்றி இருக்கிறார்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு, அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று நானும் திரும்பினேன்.

அவ்வளவுதான்.

இரவு மழை பெய்திருக்கிறது. இப்போது வெயில் ஏறியிருந்தது. எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மெல்ல, அவசரமே இல்லாமல். அது மேலே போய்த் தேயிலைச் சரிவில் தங்கியிருந்த மேகத் துண்டோடு சேர்ந்துகொண்டது. எது ஆவி, எது மேகம், எது மலை... நான் நாவலப்பிட்டி ஸ்டேஷனில் ஒரு ரயிலில் இருந்தேன். ரயில் புறப்படுவதாக இல்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இல்லை. பெட்டி முழுக்க நான் படிப்பித்தவர்கள், எல்லோர் சட்டையிலும் ஒரு வட்டம். டிக்கெட் பரிசோதகர் வந்து, “ஒங்க நெறம் என்ன மேடம்?” என்றார். நான் கைப்பையைத் திறந்து தேடுகிறேன், தேடுகிறேன்... பைக்குள்ளும் பனிமூட்டம்.

கண் திறந்துதான் இருந்தது. அதுதான் மோசம். தூங்கியிருந்தால் குறட்டையாவது என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

சுயநினைவு வந்தபோது கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் காணாமல் போயிருந்தது. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பிள்ளைகூடக் கரும்பலகையைப் பார்க்கவில்லை. முப்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. சுடுதண்ணீர்க் கோப்பை தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. நிரஞ்சனா பின்சுவரில் சாய்ந்து, வாய் பேசாமல் நின்றாள்.

வகுப்பு கையைவிட்டுப் போய்விட்டதா? பாவம் இந்தப் பெண் என்று வருத்தமாக இருந்தது. வருத்தத்தோடே குனிந்து பென்சிலால் எழுதினேன்: பாடக்குறிப்பைப் பின்பற்றல் – பத்துக்கு நான்கு. வகுப்புக் கட்டுப்பாடு – பத்துக்கு நான்கு. கூட்டிப் பார்த்தால் போன தடவையின் கதையேதான்.

மணி அடித்தது. நிரஞ்சனா அடுத்த வகுப்பில் இரண்டு நிமிடம் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பென்சில் புள்ளிகளைப் பேனாவால் உறுதிசெய்வது ஆசிரியர் அறையில், தேநீருக்குப் பிறகுதான். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்கு ஓடினார்கள். அன்று கரும்பலகை அழிக்கிற முறை திவ்யாவுக்கு. அவள் குளத்தை அழிக்கும்போது சும்மா கேட்டுவைத்தேன்.

“வெளிய என்ன மகள் அவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருந்தீங்க?”

அவள் திரும்பாமலே சொன்னாள். “பொக மேடம். டீச்சரும் அதத்தான் கேட்டாங்க. கூரையில பொக போகுதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் சிரிக்கல. எல்லாரும் திவ்யா பாக்குற பக்கம் பாருங்கன்னாங்க.”

“அப்பறம்?”

“அது பொக இல்ல, ஆவி. கூரத் தண்ணி வெயில்ல மேல போறது ஆவியாதல். மேல குளிருல திரும்பச் சின்னச் சின்னத் துளியா வர்றது ஒடுங்கல். அப்பறம் டீச்சர் ஒரு மேகத்தக் காட்டி, இது மலையத் தாண்டுமா, இல்ல இங்கனயே காணாமப் போகுமா, யாரும் பேசாமப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னு சொன்னாங்க.”

“தாண்டிச்சா?”

“இல்ல மேடம். வெயிலு பட்டுப் பாதியிலயே கரைஞ்சு போச்சு. அது ஏன்னு நாளைக்கி எழுதிட்டு வரணும்.” துடைப்பானை வைத்துவிட்டு இப்போதுதான் என்னைப் பார்த்தாள். “நீங்களும் அங்கதானே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

தலையாட்டினேன். அவள் ஓடிவிட்டாள்.

வெறும் வாங்கில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஒழுங்காகச் சொன்னால், பயமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை பேசியிராவிட்டால், என் கனவின் புள்ளியை நிரஞ்சனாவின் பெயரில் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் வீடு போயிருப்பேன். முப்பது பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைவிட வேறென்ன கட்டுப்பாடு வேண்டும்? என் அழகான மூன்று நிறங்களில் அது எந்த நிறம்? பார்த்தார்கள், கேட்டார்கள், யோசித்தார்கள்... சில நேரம் இது, சில நேரம் அது. திவ்யா சோம்பேறித்தனமாக எழுதவில்லை. அந்த வகுப்பில் கேள்விக்கொத்தை ஒழுங்காக நிரப்பிய ஒரே ஆள் அவள்தான்.

அழிறப்பர் கையிலேயே இருந்தது. நான்கை அழித்து ஒன்பது போட்டால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. நிரஞ்சனா சித்தியடைவாள், என் மானமும் தப்பும். ஆனால் படிவத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறதே – ‘பாடம் முழுவதையும் நேரில் அவதானித்தேன்: ஆம் / இல்லை’. இத்தனை வருடமாக அதைப் படிக்காமலே ‘ஆம்’ போட்டு வந்திருக்கிறேன். தொழில் ஒழுக்கம் பற்றி நான் செய்கிற விரிவுரை தனி. அதற்கும் ஸ்லைட் இருக்கிறது.

ஆசிரியர் அறையில் நிரஞ்சனா எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். படிவத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

“நிரஞ்சனா, பாடத்துல பதினஞ்சு நிமிசம் நான் பாக்கல. கனவு கண்டுக்கிட்டு இருந்துட்டேன்.”

“தெரியும் மேடம்.”

“தெரியுமா? அப்ப ஏன் ஒரு சத்தம் குடுக்கல? ஒங்களுக்கு ஒரு வருசம் போயிருக்குமே.”

அவள் கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“யோசிச்சேன் மேடம். ரெண்டு தடவ கிட்டக்க வந்தேன். ஆனா சத்தம் போட்டா புள்ளைங்க திரும்பிப் பாப்பாங்க. மேகம் அதுக்குள்ள கரைஞ்சு போயிரும்.” பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்: “புள்ளி நீங்க போடுறது மேடம். பாடம் அவங்களுக்குத்தானே.”

இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவளுடைய வயதில், அவளுடைய நிலைமையில், நான் கரும்பலகையை ஓங்கித் தட்டியிருப்பேன். மேகமாவது மண்ணாங்கட்டியாவது.

“இன்னைக்கு வேற பாடம் இருக்கா?” என்று கேட்டேன்.

“ஆறாவது பாடவேளை மேடம், எட்டாம் தரம். ஆனா அவங்களுக்கு நெறம் ஒன்னும் வெட்டலையே.”

“நல்லதாப் போச்சு.”

அதிபரிடம் போய் உள்ளதைச் சொல்லி, இன்னொரு பாடம் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். எட்டாம் தரத்து வகுப்பில் எனக்குக் கதிரை போட்டார்கள், நான் உட்காரவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது நிமிடமும் நின்றே பார்த்தேன். மெல்லிய குரல்தான். கடைசி வாங்குவரை கேட்டது, ஏனென்றால் கடைசி வாங்கும் அவளோடு இருந்தது. பார்த்ததற்கு இன்னொரு படிவத்தில் புள்ளி போட்டேன். அவள் சித்தியடைந்தாள் – தாராளமாகவே. ஆசிரியர் அறையில் அதைச் சொன்னதும், என் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

இரண்டு படிவங்களையும் வத்தேகமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எட்டாம் தரத்தின் படிவத்தில் அந்தக் கடைசி வரிக்கு நேரே ‘ஆம்’. ஏழாம் தரத்தின் படிவத்தில் பென்சில் புள்ளிகளை அழித்துவிட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் பேனாவால் வெட்டினேன். பக்கத்தில், திவ்யாவின் விடையைப் பார்த்து எழுதினேன்: ‘சில நேரம்’.