நிலாவுக்குப் போன படம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், ரந்தாவ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. லயத்து வீட்டு வரிசையில் படிக்கத் தெரிந்தவள் என்பதால் கங்காணி அதை என்னிடம் நீட்டினார். கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு உரக்கப் படித்தேன். டவுன் கொட்டகையில் நாளை மத்தியானம் இலவசப் படம். ஆண்கள் மட்டும்.

படத்தின் பேரைக் கேட்டதும் லயமே சிரித்தது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் பணத்தை வாரிக் கொட்டி எடுத்த படம் அது. இரும்புக் கூண்டில் ஏறி நிலாவுக்குப் போகிற கதை. மூன்றாம் நாளே கொட்டகையில் ஈ ஓட்டினார்கள்.

“ஓசின்னாலும் அதையா பாக்கறது? மரவள்ளிக்குக் களை புடுங்கலாம் லா,” என்றார் கங்காணி.

என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு தடவை பார்த்தவர் அவர். நிலாவுக்குப் போனவர்கள் யாரும் திரும்பாததால்தான் சனத்துக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருந்தார்.

‘ஆண்கள் மட்டும்’ என்பது என்னை உறுத்தியது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. ஆனால் ஒரு படத்துக்குப் போய்ப் பயப்படுவதா? போகாதவர்கள் பேரைக் குறித்துக்கொண்டால்? மறுநாள் என் கணவர் பால் எடுத்துவிட்டு வருவதற்குள் அவருடைய ஒரே வேட்டியை வாளியில் முக்கினேன். துணிப் பஞ்சத்தில் மற்ற நாளெல்லாம் அவர் இடுப்பில் சாக்குத்தான். சாக்கோடு டவுனுக்குப் போகமாட்டார்.

“இன்னிக்குத்தான் துவைக்கணுமா?”

“புள்ள ஈரம் பண்ணிடுச்சுங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பி வந்து நின்றார். அவரிடம் வேட்டி கேட்டார் என் கணவர்.

“கட்டியிருக்கறதுதான் மாப்ள இருக்கு. அவுத்துக் குடுக்கவா? நீ இரு, கதைய நான் வந்து சொல்றேன்.”

‘போகாதீங்கண்ணே’ என்பது என் வாய்வரை வந்தது. வெறும் படமாக இருந்துவிட்டால் சிரிப்பார்களே என்று குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று சாயங்காலம் கங்காணி வந்து சொன்னார். எங்கள் லயத்திலிருந்து போனவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்றவர்களை அந்தப் படத்தின் கெட்ட பேர் காப்பாற்றியது.

வேட்டி பல நாள் கொடியிலேயே கிடந்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, “அந்தப் படம் கடைசியில எப்படிண்ணே முடியும்?” என்று கேட்டாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். “எல்லாரும் திரும்பி வந்துருவாங்க, தங்கச்சி.”

அவள் என் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நான் உள்ளே போனேன். அடுப்பை இன்னும் பற்றவைத்திருக்கவில்லை.