நகுலேஸ்வரி அக்காவுக்குக் கிடைத்த கடைசிக் கட்டம்

நகுலேஸ்வரி அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். சின்னவர்கள் இரண்டு பேரையும் வாய் ஓயாமல் திட்டுவார். மூத்தவன் லக்‌ஷனைத் திட்டவே மாட்டார். லண்டன் ஸ்ட்ரெதமில் கணவரின் கடைக்கு ரோல்ஸும் வடையும் பொரித்துக்கொண்டே ஊரை வம்புக்கு இழுக்கிற மனுஷி, அவனுடைய போன் வந்தால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார்.

காரணம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து வந்து ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டனுக்கு மூட்டை கட்டியவர்கள் நாங்கள். சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு வருவோம். மேல்வகுப்பில் இருக்கிற பெரியதை, படிப்பைக் குழப்பக்கூடாது என்று சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவோம். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு! என்னுடையவை இரண்டும் சின்னதுகள் என்பதால் நான் தப்பினேன். அக்கா தப்பவில்லை. பதினாறு வயது லக்‌ஷனை ஜெர்மனியிலேயே, ஸ்டுட்கார்ட்டில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவான் என்றார்கள். அவன் அங்கேயே படித்து, அங்கேயே வேலையும் எடுத்துவிட்டான்.

இப்போது நானும் அக்காவும் மாலை நேர ஆங்கில வகுப்புக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வந்த ஆங்கிலம் எங்களுக்கு வரவில்லையே. ஆசிரியை ஒரு பழைய மாயக்கதை நாவலைக் கொடுத்தார். சூரியன் தொலைந்துபோன ஊர். வெளிச்சம் தேடிப் புறப்படுகிற கொல்லன் மகன். பலகையில் ஒரு வட்டம் போட்டு, நாயகனின் பயணம் எந்தக் கதையிலும் இப்படித்தான் சுற்றும் என்றார். அழைப்பு வரும், தயங்குவான், வாசலைத் தாண்டுவான், சோதனைகளில் வெல்வான், கடைசியில் வீடு திரும்புவான். ஆளுக்கொரு கட்டத்தை நாவலில் காட்டிப் பேச வேண்டும். எனக்குச் சோதனைகள் வந்தன. அக்காவுக்கு வீடு திரும்புதல்.

அந்த வார இறுதிக்கு லக்‌ஷன் லண்டன் வந்திருந்தான். சனிக்கிழமை காலை அக்கா தன் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் என்னையும் அவனையும் இருத்திப் பேசிக் காட்டினார். ஆங்கிலம் பாதியில் தடக்கியது. தமிழுக்குத் தாவினார்.

"அவன் எவ்வளவு தூரம் போனாலும் வீடு அதே இடத்திலதான் நிக்குது. காலடிச் சத்தம் கேட்டவுடன தாய் கதவைத் திறந்து..."

அதற்குமேல் வரவில்லை. நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நல்லாயிருக்கு அக்கா, சொல்லுங்கோ" என்று தூண்டிவிட்டேன்.

அக்கா மகனைப் பார்த்தார். "நீ ஏன் அப்பு வரேல்லை? சோதினை முடிய வாறன் எண்டுதானே சொன்னனீ?"

"எங்க வாறது அம்மா?" என்றான் லக்‌ஷன். "கதையில அவன் வெளிக்கிட்டுப் போறான், வீடு நிக்குது. நான் நிண்டனான். வீடுதான் வெளிக்கிட்டுப் போனது."

குரலில் கோபம் துளியும் இல்லை. கத்தியிருந்தால் தாயும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒருவழியாக முடிந்திருக்கும். இவன் வட்டத்தில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டுகிறவன் மாதிரிச் சொன்னான். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பிழை விட்டிட்டன், அப்பு. உன்னை விட்டிட்டு வந்திருக்கக் கூடாது. எல்லாரின்ர படிப்பையும் பாத்தன், உன்னைப் பாக்கேல்லை."

இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானறிய, அவனும் கேட்டதில்லை.

"பறவாயில்லை அம்மா. அழாதேங்கோ, தண்ணி எடுத்துத் தாறன்."

உண்மையிலேயே நல்ல பிள்ளை. எழுந்து போய் ஒரு அலுமாரியைத் திறந்தான். அரிசியும் பருப்பும் இருந்தன. பக்கத்திலிருந்ததைத் திறந்தான். சோறு போடுகிற கோப்பைகள். மூன்றாவதன் பிடியில் கையை வைத்தவன், திறக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, கிளாஸ் எங்க வைக்கிறனீங்கள்?"