பொலியின் உச்சியில் ஒரு பிலிம் தாள்

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பழைய விஞ்ஞான சஞ்சிகை ஒன்றைப் புரட்டினேன். நட்சத்திரத் திரள்களின் ஓரத்து நட்சத்திரங்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பெரும் பாரம் ஒன்று அவற்றை இழுத்துப் பிடித்திருக்க வேண்டுமாம். கரும்பொருள் என்ற அந்தப் பாரத்தின் துகள்கள் மோதி அழிந்தால் காமாக் கதிர் வெளிவரலாமாம். காமாக் கதிர் பிலிமில் பதியும் என்பது பௌதிக வகுப்பில் படித்தது. நிமிர்ந்தேன். எதிரே அத்தானின் ஸ்டூடியோ. பஸ்ஸை விட்டுவிட்டு வீதியைக் கடந்து, விஷயத்தைச் சொல்லி ஒரு பிலிம் தாள் கேட்டேன்.

அத்தானுக்குப் பிலிம் கொழும்பிலிருந்து வரவேண்டும், லேசில் வராது.

"வானத்துக்கும் அடையாள அட்டைப் படம் எடுக்கப் போறியோ?" என்றார். ஆனாலும் இருட்டறைக்குள் போய், ஒரு தாளைக் கறுப்புக் கடதாசியால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தார். "இந்தா. இதில ஒண்டும் விழேல்லையெண்டால் இனிப் பிலிம் எண்டு இந்தப் பக்கம் வரப்படாது."

அவ்வளவு தூரம் வருகிற கதிருக்கு ஏன் சிரமம் என்று வெளிச் சுற்றை வழியிலேயே உரித்துவிட்டேன். சுவரையே துளைக்கும் கதிருக்குக் கடதாசி ஒரு தடையா என்று யோசிக்க அன்று எனக்குப் பொறுமை இல்லை.

மாமாவின் களத்தில் தூற்றிய நெல் பொலியாகக் குவிந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயரம். உச்சியில் பிலிமை வைத்தேன்.

"என்னடா அது?"

"காணேலாத பொருள் ஒண்டைத் தேடுறன், மாமா. அதின்ர பாரம் மட்டும்தான் தெரியும்."

"எங்கட களத்திலயும் ஒண்டு திரியுது. நெல்லுக் குறையேக்கைதான் தெரியும். நாங்கள் பூதம் எண்டுறனாங்கள்."

பூதம் நெல்லை அள்ளாதிருக்கப் பொலியின் உச்சியில் இரும்பு வைப்பது வழக்கம். மாமா அரிவாளைக் கொண்டுவந்து என் பிலிமுக்கு மேலேயே வைத்தார். "உன்ர சாமானுக்கும் காவல்தானே." நெல் ஏற்ற லொறி வரும்வரை இரண்டும் வெயிலில் கிடந்தன.

அத்தான் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். முழுக்கக் கறுப்பு, நடுவில் வெளேரென்று ஒரு பிறை. கரும்பொருளேதான் என்று துள்ளினேன்.

"பிடியும் தெரியுது," என்றார் அத்தான். "உன்ர கரும்பொருள் நெல்லு வெட்டுமோ?"

ஒற்றைக் கடதாசியால் வெயில் கசிந்து பிலிமைக் கறுப்பாக்கியிருக்கிறது. அரிவாள் மறைத்த இடம் மட்டும் தப்பியிருக்கிறது. காமாக் கதிரென்றால் அந்த மெல்லிய இரும்பைச் சட்டை செய்திருக்காது.

"அப்ப இனி வரமாட்டாய், என்ன?"

"ஒண்டும் விழேல்லையெண்டால்தானே அத்தான் வரப்படாது? அரிவாள் விழுந்திருக்கே."

என்னை ஒருதரம் பார்த்தார். "உன்ர தம்பியைச் சட்டம் படிக்க விட்டிருக்க வேணும்," என்று உள்ளே இருந்த அக்காவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, இருட்டறைக்குள் போய் இன்னொரு தாளோடு வந்தார்.

வீட்டுக்கு வந்துதான் சஞ்சிகைக் கட்டுரையின் மிச்சத்தைப் படித்தேன். காமாக் கதிர் நிலத்துக்கு வந்து சேராதாம். வழியிலேயே காற்று அதை விழுங்கிவிடுமாம். தேடுகிறவர்கள் பலூனிலும் செய்மதியிலும் கருவிகளை மேலே அனுப்புகிறார்களாம். எங்களிடம் செய்மதி இல்லை. கூட்டாளி ஒருவனிடம் ஆளுயரப் பட்டம் இருந்தது. அது காற்றைத் தாண்டிப் போகாதுதான். ஆனாலும் பொலியைவிட உயரம். அடுத்த நாள் பின்னேரம், அறுத்த வயல்வெளியில், பட்டத்தின் நெஞ்சில் பிலிமைக் கட்டி ஏற்றுவதென்று முடிவு செய்தோம்.